உசத்தி சைக்கிளை யாரிடம் கொடுப்பது?

சைக்கிள் கம்பெனியில் சேல்ஸ் வேலை என்றால் சைக்கிள் விற்கிற வேலை என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, சைக்கிள் விற்பது கடைக்காரர் வேலை. அந்தக் கடைக்காரரைப் பொறுக்கி எடுப்பதும், எடுத்த பிறகு அவருக்காக மேலிடத்தில் திட்டு வாங்குவதும்தான் நம் வேலை. மருந்தோ பெயிண்டோ பிஸ்கட்டோ, எதையாவது பையில் போட்டுக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் அனுதாபத்தோடு படியுங்கள்.

நான் வலங்கைமான்காரி. மெக்கானிக்கல் படித்துவிட்டு பதினோரு வருஷமாக இந்தக் கம்பெனியில் இருக்கிறேன். தஞ்சாவூரில் ஆரம்பித்து நாகப்பட்டினம் கடற்கரை வரை என் எல்லை. எங்கள் சைக்கிள் உசத்தி ரகம். விலையைச் சொன்னதும் பாதிப் பேர், "இதுல பெட்ரோல் எங்க ஊத்துறது?" என்பார்கள். அந்த ஜோக்கை ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லுவார்கள். நானும் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரிப்பேன்.

இவ்வளவு பெரிய எல்லைக்கு எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கடை. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் சாலையில் நஜீர் பாய் கடை. பாய் ஷார்ஜாவில் ஒரு சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் பதினாலு வருஷம் இருந்தவர். ஊருக்குத் திரும்பி, எங்கள் சைக்கிளை மட்டுமே நம்பிக் கடை போட்டார். போன வருஷம் பைபாஸ் பக்கம் ஒரு பெரிய கடை வந்தது. ஊருக்கு ஊர் ஒரே போர்டு, ஒரே ஏசி, வேலை செய்கிறவர்களுக்கு ஒரே பச்சைச் சட்டை. டிரெட்மில்லிலிருந்து கேரம் போர்டு வரை எல்லாம் விற்பார்கள். அவர்கள் எங்கள் கம்பெனிக்கு எழுதினார்கள்: "டெல்டா முழுக்க உங்கள் சைக்கிளை நாங்களே விற்கிறோம். ஆனால் வேறு எந்தக் கடையிலும் இருக்கக் கூடாது."

கம்பெனி ஆறு மாதம் சோதனை வைத்தது. இரண்டு கடையும் விற்கட்டும், முடிவில் யாருக்கு என்று நான் ரிப்போர்ட் எழுத வேண்டும். பச்சைச் சட்டைக்கு என்று எழுதினால் நஜீர் பாய் கடையை மூட வேண்டியதுதான். பாய்க்கு என்று எழுதி விற்பனை படுத்தால் என்னை மூட வேண்டியதுதான். அந்த ஆறு மாதத்தில் நடந்தவை இவை.

ஸ்டாண்டு எங்கே?

திருவையாறு பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அறுவடை மெஷின் இரண்டு வைத்து வாடகைக்கு விடுகிறவர். சர்க்கரை ஏறிவிட்டது, சைக்கிள் மிதிக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. நஜீர் பாய் கடையில் ஒரு சைக்கிளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து ஆச்சரியப்பட்டார். பிறகு சுற்றிச் சுற்றி வந்தார். எதையோ தேடுகிறார் என்று புரிந்தது. "ஸ்டாண்டு எங்கங்க?" என்றார். ஸ்டாண்டு கிடையாது என்றார் பாய். கேரியர்? கிடையாது. மட்கார்டு? கிடையாது. பெல்லாவது? சட்டப்படி பெல் உண்டு, ஆனால் தனியாக ஒரு கவரில் இருக்கிறது.

எடை குறைய வேண்டும், அதற்காகத்தான் இதெல்லாம் இல்லை என்று நான் நடுவில் புகுந்து விளக்கினேன். காற்று, வேகம், எதிர்ப்பு என்று படித்ததையெல்லாம் எடுத்து விட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் பில் போடச் சொல்லி கைகாட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்டாண்டைக் கழட்டி, கேரியரைக் கழட்டி, மட்கார்டைக் கழட்டி, கழட்டுன கூலியையும் சேத்து எங்கிட்டயே வாங்குறீங்க, நல்லா இருங்க!"

கார்த்திகையில் ஏன் விற்கவில்லை?

என் மேனேஜர் சுந்தர் சார் சென்னையில் இருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் மாதத்துக்கு முப்பது நாள் என்பதைத் தவிர மாதங்களுக்குள் வேறு வித்தியாசம் உண்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். கார்த்திகை முடிந்ததும் போன் வந்தது. "என்ன, உங்க பாய் கடை தூங்குது?" நான் சொன்னேன்: "சார், இங்க இப்ப அடைமழை. சம்பா வயல்ல நிக்குது. கையில இருக்கிறதெல்லாம் உரமா, ஆள் கூலியா மண்ணுல கிடக்கு. தை, மாசியில அறுவடை ஆனாத்தான் மனுஷன் கடைப் பக்கம் திரும்புவான்."

"பச்சைச் சட்டைக் கடைக்கு மட்டும் மழை பெய்யலையா?" என்றார். அவர்கள் அந்த மாதமும் விற்றிருந்தார்கள். டவுனில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் குடையோடு போய் ஏசியில் நின்று வாங்கியிருக்கிறார்கள். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. விளையாட்டாகப் பேசி சமாளிக்கலாம் என்று சம்பாவின் நூற்றைம்பது நாளை விவரமாக எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கணக்கு நோட்டை மூடுகிற குரலில் சுந்தர் சார் சொன்னார்: "அப்ப அந்த சம்பாவைக் கொஞ்சம் முன்னாடியே அறுத்துடச் சொல்லுங்களேன்."

பெரிசா எடுத்தா லாபம்

குவைத்தில் இருக்கும் ஒருவர் வீடியோ காலில் நஜீர் பாய் கடைக்குள் வந்தார். நாகப்பட்டினத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தன் அண்ணனுக்கு ஒரு சைக்கிள் வாங்க வேண்டும். இருப்பதிலேயே நல்லதாக, இப்போதே, விலை பற்றிக் கவலையில்லை. எனக்கு அன்று டார்கெட்டுக்கு ஒன்றே ஒன்று குறைவாக இருந்தது. மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன். பாய் நிதானமாக, "அண்ணன் உயரம் என்ன?" என்றார். போனில் இருந்தவர் தலைக்கு மேலே கையை வைத்து, "என்னைவிடக் கொஞ்சம் கம்மி, இவ்வளவு" என்று காட்டினார். போனில் இவ்வளவு என்பது எவ்வளவு? "அண்ணனை ஒரு நாள் கடைக்கு வரச் சொல்லுங்க. காலை அளந்துட்டுத்தான் தருவேன்" என்றார் பாய். அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "விக்கிறதுக்குக் கடை வெச்சிருக்கீங்களா, அளக்கிறதுக்கா பாய்?" என்று கேட்டேவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அளவு டேப்பைச் சுருட்டி வைத்தார். குவைத் தம்பி அடுத்த நாளே பச்சைச் சட்டைக் கடையில் பணம் கட்டிவிட்டார். சைக்கிள் நாகப்பட்டினத்துக்கு வீடு தேடிப் போனது. அங்கே கணக்கில் ஒன்று ஏறியது.

ஒரு மாதம் கழித்து அந்த அண்ணன் ஒரு மினி வேனில் சைக்கிளோடு நஜீர் பாய் கடையில் வந்து இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். சீட்டை அடிவரை இறக்கியும் அவருக்குப் பெடல் எட்டவில்லை. குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதம் மிதித்திருக்கிறார். அவர் உயரத்துக்கு நடுவிலுள்ள சைஸே அதிகம், கொடுத்திருந்தது ஆகப் பெரியது. ஏன் இதை எடுத்தீர்கள் என்று பாய் கேட்டார். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை: "எல்லா சைஸும் ஒரே விலைன்னு சொன்னாங்க பாய், அப்ப பெரிசா எடுத்தாத்தானே லாபம்?"

எலுமிச்சம்பழம்

நம் ஊரில் வண்டி என்று ஒன்று வாங்கினால் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியே ஆக வேண்டும். லாரிக்கு அது சுலபம். எங்கள் ரேஸ் சைக்கிளின் டயரோ கட்டைவிரல் அகலம்தான். முழுப் பழத்தை வைத்து ஏற்றினால் பழத்துக்கு ஒன்றும் ஆகாது, ஓட்டுகிறவர் பக்கத்தில் போய் விழுவார். நஜீர் பாய் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். பழத்தை இரண்டாக நறுக்கி, வெட்டிய பக்கம் தரையில் படும்படி கவிழ்த்து வைப்பார். ஸ்பானர்கள் இருக்கும் டிராயரில் எப்போதும் நாலு பழமும் ஒரு கத்தியும் இருக்கும். குங்குமம் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். கம்பெனி பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஒரு பல் டாக்டரம்மா முதலில் பச்சைச் சட்டைக் கடைக்குப் போய், எல்லாம் பேசி முடித்து, கைப்பையிலிருந்து பழத்தை எடுத்திருக்கிறார். டைல்ஸில் கறை படியும் என்று தடுத்துவிட்டார்கள். வெளியே வைத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். பார்க்கிங்கில் அனுமதி இல்லை என்றிருக்கிறார்கள். அதே சைக்கிளை அதே விலைக்கு நஜீர் பாயிடம் வாங்கினார். கடை வாசலில் கவிழ்த்து வைத்த இரண்டு துண்டுகள் மேல் ஏற்றி இறங்கி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து சொன்னார்: "அங்க ஏசி இருக்கு, காபி மெஷின் இருக்கு, ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தா மட்டும் செக்யூரிட்டி ஓடி வராரு."

பெட்டியில வந்த மாதிரியே

இதுவரை படித்தவர்கள் நான் பாய் கட்சி என்று முடிவு கட்டியிருப்பீர்கள். அப்படியில்லை. ஐந்தாவது மாதம் கணக்கைப் பார்த்தபோது பச்சைச் சட்டைக் கடைதான் அதிகம் விற்றிருந்தது. சண்டை கிடையாது, விலையில் குழப்பம் கிடையாது, எந்த மாடல் கேட்டாலும் மறுநாள் வரும். ரிப்போர்ட்டை அவர்கள் பக்கம் எழுதிவிடலாம் என்று பாதி மனதோடுதான் அன்று அந்தக் கடைக்குள் போனேன். பாயிடம் எப்படிச் சொல்வது என்றுகூட வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

உள்ளே எங்கள் சைக்கிள்கள் ஐந்து வரிசையாக நின்றன. மேலே விளக்கு, பக்கத்தில் கண்ணாடி. நகைக்கடையில் அட்டிகை வைத்த மாதிரி வைத்திருந்தார்கள். கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவட்டை இருக்கிறதே, ஃபோர்க் என்போம், அது ஐந்திலும் முன்பின்னாகத் திரும்பியிருந்தது. இடது பக்கம் இருக்க வேண்டிய பிரேக் வலது பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. சக்கரம் பின்னால் தள்ளி, மிதிக்கிறவர் காலுக்குப் பக்கத்தில் நின்றது. இப்படி ஓட்டிக்கொண்டு வேகமாகத் திரும்பினால் ஆள் வாய்க்காலுக்குள்தான்.

எப்படி நடந்தது என்று பார்த்தால் பாதிக் குற்றம் எங்கள் மேலேயே இருந்தது. லாரியில் கூடுதலாக ஏற்ற வேண்டும் என்று கடைசியாக வந்த சரக்கில் எங்கள் தொழிற்சாலை பெட்டியைச் சின்னதாக்கியிருந்தது. சின்னப் பெட்டிக்குள் அடங்குவதற்காக ஃபோர்க்கைப் பின்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். மாட்டும்போது முன்னால் திருப்பவும் என்று உள்ளே ஒரு சீட்டு உண்டு. அந்தச் சீட்டை யார் படிப்பார்கள்? நஜீர் பாயும் படிக்கவில்லை, அவருக்கு அது தேவையில்லை. கடை மேனேஜர் மரியாதையான பையன். நான் பதறுவதைப் பார்த்து அவரும் பதறிப்போய் சொன்னார்: "மேடம், பெட்டியில எப்படி வந்துச்சோ அப்படியேதான் மாட்டினோம், நாங்க எதையுமே மாத்தலை!"

காலை அகட்டி

அந்தச் சரக்கில் மூன்று ஏற்கெனவே விற்றுப் போயிருந்தன. பில்லில் இருந்த போன் நம்பர்களை வாங்கிக்கொண்டேன். வாங்கியவர்களைக் கூப்பிட்டு, நான் வரும்வரை யாரும் ஏற வேண்டாம் என்று சொன்னேன். திருப்பி மாட்ட ஆள் வேண்டும். பச்சைச் சட்டைக் கடையில் அதற்கான ஆள் திருச்சியிலிருந்து அடுத்த வாரம் வருவாராம். வேறு வழியில்லாமல் நஜீர் பாயிடம் போய் நின்றேன். இவர் கடையை மூட வைக்கப்போகிற கடையின் தப்பை இவரே போய்ச் சரிசெய்ய வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது? நான் முடிப்பதற்குள் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு ஷட்டரை இறக்கிவிட்டார். "சைக்கிள் நம்ம சைக்கிள்தானே மேடம், எந்தக் கடை பில்லுன்னு ரோட்டுக்குத் தெரியுமா?" என்றார்.

முதல் இரண்டும் தஞ்சாவூருக்குள்ளேயே இருந்தன. மூன்றாவது எங்கள் வலங்கைமான் பக்கம், ஒரு விளையாட்டு ஆசிரியர் வீட்டில். அவர் ஏற வேண்டாம் என்று சொன்னதைக் கேட்கவில்லை. நாங்கள் போனபோது குடமுருட்டிக் கரை ரோட்டில் எதிரே வந்துகொண்டிருந்தார். இரண்டு பாதத்தையும் வெளியே விரித்து, வாத்து நீந்துகிற மாதிரி மிதித்துக்கொண்டு வந்தார். பாய் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து, நாலு போல்ட்டைத் தளர்த்தி, ஃபோர்க்கைத் திருப்பி, பிரேக் ஒயரைச் சரிபார்த்து மாட்டிக் கொடுத்தார். ஆசிரியர் மதகு வரை போய்த் திரும்பி வந்தார். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம், ஒரே குழப்பம்: "திரும்புறப்ப கால் விரல் டயர்ல இடிக்கும்ங்க, ரேஸ் சைக்கிள்னா அப்படித்தான் போலன்னு ஒரு மாசமா காலை அகட்டி ஓட்டிப் பழகியிருக்கேன், இப்ப மறுபடி மொதல்லேருந்தா?"

மேஜை மேல் சைக்கிள்

ரிப்போர்ட்டை நான் காகிதத்தில் எழுதவில்லை. பச்சைச் சட்டைக் கடையில் நின்ற ஐந்தில் ஒன்றை அப்படியே சென்னைக்குக் கொண்டுபோய் மீட்டிங் ரூம் மேஜை மேல் நிறுத்தினேன். எதிரே எங்கள் எம்.டி., பக்கத்தில் சுந்தர் சார், அப்புறம் விளம்பரப் பிரிவு, கணக்குப் பிரிவு. "இதில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது, என்னவென்று சொல்லுங்கள்" என்றேன். யாராவது சட்டென்று சொல்லிவிட்டால் என் கட்சி அங்கேயே காலி.

விளம்பரப் பிரிவுக்காரர் ஸ்டிக்கர் கோணலாக இருக்கிறது என்றார். கணக்குப் பிரிவுக்காரர் டயரில் காற்று குறைவு என்றார். சுந்தர் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவந்து, போன வருஷத்து நிறம் என்றார். எம்.டி. மட்டும் மற்றவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அவர் தொழிற்சாலையில் பொருத்துநராக ஆரம்பித்தவர். அறைக்குள் நுழையும்போதே அவர் கண் ஃபோர்க் மேல் விழுந்ததை நான் பார்த்தேன். கடைசியில் எழுந்து வந்து அதன் மேல் விரலை வைத்தார்.

"சார், கம்பெனியிலேயே இருக்கிற மூணு பேருக்கு இது தெரியலை. பச்சைச் சட்டை மாட்டிவிட்டு நிறுத்தின பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். பெரிய கடை நன்றாக விற்கிறது, அதை நான் மறைக்கவில்லை. மாட்டி முடித்து விற்கிற பொருளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவர்களிடம் கொடுக்கலாம். எங்கள் உசத்தி சைக்கிள் கடைக்கு வரும்போது பாதிதான் சைக்கிள். மீதியைக் கடைக்காரர்தான் செய்கிறார். அந்த மீதியைச் செய்யத் தெரிந்தவர் என் எல்லையில் ஒருவர்தான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். டெல்டா நஜீர் பாய்க்கே என்று அன்றே முடிவாயிற்று. எங்கள் தொழிற்சாலையிலேயே முழுதாக மாட்டி வரும் சின்னப் பிள்ளைகள் சைக்கிள்களைப் பெரிய கடைக்குக் கொடுக்கலாம், சம்மதமென்றால் எடுத்துக்கொள்ளட்டும் என்றார் எம்.டி. பெட்டியையும் பழைய அளவுக்கே மாற்றச் சொன்னார். சுந்தர் சார் வெளியே வந்து என் முதுகில் தட்டினார். ஸ்டிக்கரும் கோணல்தான் என்று அப்போதும் சொன்னார்.

படியிலேயே நின்று நஜீர் பாய்க்குப் போன் போட்டேன். மூன்று வருஷ ஒப்பந்தம், கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அதுவரை என்னை மேடம் என்று மட்டுமே கூப்பிட்ட பாய் சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ்... ஷார்ஜா முதலாளி திரும்ப வரச் சொல்லி விசா அனுப்பி இருபது நாளாச்சு தங்கச்சி, சட்டைப் பையிலேயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன், இப்ப வரலைன்னு சொல்லிடுறேன்."

நாங்கள் வலங்கைமானுக்குப் போய் வந்து அப்போது பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. குடமுருட்டிக் கரையில் உட்கார்ந்து அடுத்த கடை சைக்கிளுக்கு அவர் போல்ட் முடுக்கியபோது அந்த விசா அவர் பையில் இருந்திருக்கிறது.

ஆகவே என் சக பை தூக்கிகளே, எதை வேண்டுமானாலும் விற்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் கிடைப்பார்கள், 'இது உங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அகப்பட்டால் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம் காபி குடியுங்கள்.